பாம்புக்கடியும் ஒரு குறும்படமும்

திரைப்படத்தில் பாம்பு கடித்தால் என்ன நடக்கும் என்பது நம் அனைவருக்கும் மனப்பாடம். கடிவாய்க்கு மேலே துணியை இறுகக் கட்டுவார்கள், கத்தியால் கீறுவார்கள், ஒருவர் வாய் வைத்து நஞ்சை உறிஞ்சித் துப்புவார். அடுத்த காட்சியில் கடிபட்டவர் கண் விழிப்பார். இவற்றுள் எதுவும் உயிரைக் காப்பதில்லை. இறுகக் கட்டிய கட்டு சில வேளைகளில் காலையே பறித்துவிடும். எனவே ஊடகவியல் பயிலும் மாணவர்கள் பாம்புக்கடி குறித்துக் குறும்படம் எடுக்க விரும்பி எங்களை அணுகும்போது, மகிழ்ச்சியும் கவலையும் எங்களுக்கு ஒருங்கே உண்டாகின்றன. திரை தவறாகக் கற்பித்ததைத் திரையே திருத்தவும் கூடும்.

கடற்கரைச் சாலையில் ஒரு முன்னோடி

அத்தகைய மாணவர்களுக்கு ஒரு முன்னோடியை நாங்கள் நினைவூட்டுகிறோம். சேகர் தத்தாத்ரி பதின்மூன்றாம் வயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். பாம்புக்கடி பற்றிய படமொன்றில் உதவியாளராகப் பணியாற்றித் திரைத்தொழிலைக் கற்றார். பின்னர் 1980களில் ரோமுலஸ் விட்டேகருடன் இணைந்து, இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் குறித்து அவர் உருவாக்கிய குறும்படம் தேசிய விருது பெற்றது.

அப்படத்தின் களம் தொலைவில் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களுடைய பிழைப்பை நிறுத்தின. 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் அதே திறமைக்கு வேறொரு பயனைக் கண்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறையின் உரிமத்துடன் பிடித்து, ஏறக்குறைய மூன்று வாரங்கள் பானைகளில் வைத்து, சில முறை நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது. குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளே நச்சுமுறி மருந்தாக எங்கள் கைக்கு வருகிறது. எங்கள் நோயாளியின் நரம்பில் இறங்கும் ஒவ்வொரு துளிக்கும் பின்னால் வயல்வரப்பில் குனிந்து வளை தேடிய ஒருவரின் உழைப்பு இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது மருத்துவர்களாகிய எங்களுக்கும் பெருமையே.

படமெடுக்கக் கடினமான கடி

அண்மையில் கதைச் சுருக்கத்துடன் வந்த மாணவி ஒருவருடன் நெடுநேரம் உரையாடினோம். அவர் எழுதியிருந்த கடிக்காட்சியில் குருதி வழிந்தது, கால் வீங்கியது, அலறல் கேட்டது. கண்ணாடிவிரியன் கடியில் இவை உண்மையாகவே நிகழலாம். அந்நஞ்சு குருதி உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். சிலருக்கு டயாலிசிஸ் வரை தேவைப்படும். ஆனால் கட்டுவிரியன் இரவில் வருவது. தரையில் படுத்துறங்குபவரைக் கடிக்கும்; பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது; கடிவாய்கூடத் தென்படாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி என்பார், இமைகள் சரியும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு அடங்கத் தொடங்கும். வென்டிலேட்டர் வசதியுள்ள மருத்துவமனையை அதற்குள் அடைந்துவிட்டால் பெரும்பாலோரைக் காப்பாற்ற இயலும்.

இதைக் கேட்ட மாணவி, காட்ட ஒன்றுமில்லாத கடியை எப்படிப் படமாக்குவது என்று திகைத்தார். சில வாரங்கள் கழித்துத் திருத்திய கதையுடன் வந்தார். பாம்பு அதில் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சுவர்க்கடிகாரமும், பேத்தியின் சரியும் இமையைக் கவனிக்கும் ஒரு பாட்டியும், வண்டி தேடி ஓடும் அண்டை வீட்டாருமே இருந்தனர். பாம்பை எதிரியாக எண்ணித் தொடங்கியதாகவும், வீணாகும் நேரமே எதிரி என்று எழுத எழுத விளங்கியதாகவும் அவர் கூறினார். நாங்கள் நீண்ட விரிவுரைகளில் சொல்ல முயல்வதும் இதுவே.

ஏன் இது முக்கியம்?

2020இல் வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாதவாறு தாங்கிப் பிடியுங்கள். கட்டவோ கீறவோ உறிஞ்சவோ பனிக்கட்டி வைக்கவோ வேண்டா. 108 ஊர்தியை அழையுங்கள். தாமதமாகும் எனில் கிடைக்கும் வண்டியில் புறப்படுங்கள். பாம்பைப் பிடித்துவரவும் வேண்டா. அறிகுறிகளையும் குருதி உறையும் சோதனையையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்குவோம். குழந்தைக்கும் பெரியவர்களுக்குரிய அதே அளவு மருந்து கொடுக்கப்படுவதைக் கண்டு அஞ்சாதீர்கள். ஆளின் எடை எதுவாயினும் பாம்பு செலுத்தும் நஞ்சு குறைவதில்லை. அறிகுறி இல்லையெனினும் ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பில் இருப்பது நலம்.

இன்னொன்றையும் கூறவேண்டும். எவ்வளவு நல்ல நோக்கத்துடன் எடுக்கப்படும் படமாயினும், நோயாளியின் முகத்தைப் பதிவு செய்ய அவருடைய இசைவு தேவை. குழந்தையாயின் பெற்றோரின் இசைவு தேவை. மறுப்பது உங்கள் உரிமை. மறுத்தால் சிகிச்சையில் எவ்வித வேறுபாடும் இராது. மேற்சொன்ன மாணவி சிகிச்சைப் பிரிவுக்குள் கேமராவைக் கொண்டுவரவே இல்லை. அதனால் அவர் கதைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

இன்றிரவு தரையில் பாய் விரிப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியனுக்கு எதிராக உங்கள் வீட்டிலேயே உள்ள எளிய காவல் அது.