வெறும் பெட்டி பேசத் தொடங்குகிறது

ஒரு கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டால் அது என்ன செய்யும்? “ஒன்றும் செய்யாது, வெறும் பெட்டிதானே!” என்பீர்கள். அப்போதும் அது ஒரு காரியம் செய்யும். பின்புறம் செருகியிருக்கும் கேபிள் வழியாக, “நான் யார்? யாராவது சொல்லுங்கள்!” என்று கூவும். சரியான பதில் கிடைத்தால் சிறிது நேரத்தில் முழுக் கணிப்பொறியாக எழுந்துவிடும். கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு குறியீட்டை எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டி ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். (“நான் யார்?” என்ற கேள்வி அந்தப் பகுதிக்குப் புதிதல்ல!) பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் 20 கணிப்பொறிகள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. சனிக்கிழமை பார்த்தால் பாதிக் கணிப்பொறிகளில் வைரஸ். மீதியில் ஆளுக்கொரு விதமான மென்பொருள். ஆசிரியர் என்ன செய்வார்? ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினால் ஞாயிறும் போய்விடும்.

இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. ஒரே ஒரு கணிப்பொறியை மட்டும் பிழையின்றித் தயார் செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து ஒரு சர்வரில் வைத்துவிட வேண்டும். இந்தப் பிரதிக்கு ‘இமேஜ்’ என்று பெயர். பிறகு மற்றக் கணிப்பொறிகள் நெட்வொர்க் வழியாக இமேஜை வாங்கித் தங்கள் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். தைவான் நாட்டின் உயர்திறன் கணிப்பு மையத்தார் உருவாக்கிய ‘குளோன்சில்லா’ போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

ஆனால் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லாத கணிப்பொறிக்கு சர்வரிடம் பேசும் அறிவு எங்கிருந்து வந்தது? அதன் நெட்வொர்க் பகுதியிலேயே ஒரு சிறு நிரல் அழியாமல் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிரல் எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை இன்டெல் நிறுவனம் வகுத்தது. 1999-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் 2.1 பதிப்பே பெரிதும் பரவியது. பெயர் பி.எக்ஸ்.இ. இந்த நிரலுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்: ஒரு முகவரி கேட்கவும், ஒரு கோப்பின் பெயரைக் கேட்கவும், அந்தக் கோப்பை வாங்கி ஓட்டவும் தெரியும். அவ்வளவுதான்.

முதல் கேள்வியைப் பார்ப்போம். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கியில், “இன்ன நிறச் சட்டை அணிந்த குழந்தையைக் கண்டவர்கள் வரவும்” என்று அறிவிப்பார்கள் அல்லவா? பாதையில் உள்ள எல்லோர் காதிலும் அது விழும். உரியவர் மட்டும் வருவார். வெறும் பெட்டியும் இப்படித்தான் செய்கிறது. சர்வரின் முகவரி அதற்குத் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக, “எனக்கு ஒரு முகவரி வேண்டும்” என்று அறிவிக்கிறது. முகவரி வழங்கும் சர்வர் மட்டும், “இதோ ஒன்று இருக்கிறது” என்கிறது. “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது பெட்டி. “சரி, உனக்கே” என்கிறது சர்வர். இந்த நான்கு பேச்சுகளுக்கும் சேர்த்து டி.எச்.சி.பி. என்று பெயர்.

இங்கே முதல் சிக்கல் வருகிறது. ஆசிரமத்தருகே வைத்த ஒலிபெருக்கி, மலைக்கு அந்தப் பக்கம் அடிஅண்ணாமலையில் கேட்குமா? கேட்காது. யாராவது செய்தியை அங்கே கொண்டுபோய் மறுபடி சொல்ல வேண்டும். நெட்வொர்க்கிலும் பொது அறிவிப்பு ‘ரௌட்டர்’ என்ற கருவியைத் தாண்டாது. சர்வர் ரௌட்டருக்கு அப்பால் இருந்தால், செய்தியை எடுத்துச் சொல்லும்படி ரௌட்டருக்கு முன்கூட்டியே கட்டளை கொடுத்திருக்க வேண்டும். இதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இப்போது திரையில் தோன்றும் குறியீடுகளுக்கு வருவோம். பி.எக்ஸ்.இ.-இ61 என்று வந்தால் கேபிளிலேயே உயிர் இல்லை என்று பொருள். மென்பொருளை ஆராயாமல் கேபிளை அழுத்திச் செருகிப் பாருங்கள். இ51 வந்தால் கூவியது உண்மை, பதில் சொல்வார் இல்லை. இ53 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, ஆனால் எந்தக் கோப்பை வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. இ32 என்றால் கோப்பின் பெயரும் தெரிந்துவிட்டது, அதைத் தரவேண்டிய சர்வர் வாய் திறக்கவில்லை. டி01 என்றால் சர்வர் பேசியது, “அப்படி ஒரு கோப்பு என்னிடம் இல்லை” என்றது. உரையாடல் எந்தப் படியில் அறுந்தது என்பதை இவை காட்டிவிடுகின்றன. புதிய யூ.இ.எஃப்.ஐ. வகைக் கணிப்பொறிகளில் சில எண்கள் வேறாக இருக்கும். படிகள் மாறுவதில்லை.

இ51-இல் ஒரு வேடிக்கை உண்டு. கேபிள் சரி, சர்வர் சரி, ரௌட்டரும் சரி. ஆனாலும் பதில் வராது. கேபிள்கள் கூடும் ‘ஸ்விட்ச்’ பெட்டியே காரணமாக இருக்கலாம். ஸ்விட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால் ஒரே செய்தி முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர் ஓர் அருமையான முறையைக் கண்டார். அந்த முறைப்படி, புதிதாக ஒரு கேபிள் உயிர் பெற்றால் ஸ்விட்ச் உடனே வழிவிடாது. வட்டம் ஏதும் உண்டாகிறதா என்று வழக்கமாக 30 வினாடி கவனித்த பிறகே விடும். அதற்குள் நம் பெட்டி கூவிக் கூவி ஓய்ந்துவிடக்கூடும்!

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை: பெட்டிக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு சாதாரணச் சின்ன ஸ்விட்சை இணையுங்கள். உடனே வேலை செய்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஏன்? கணிப்பொறியை நிறுத்தி மறுபடி தொடங்கினாலும் சின்ன ஸ்விட்சுக்கும் பெரியதற்கும் இடையிலான கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே 30 வினாடிக் காத்திருப்பு மறுபடி வருவதில்லை. கணிப்பொறிகள் மட்டும் இணைந்துள்ள வாயில்களில் இந்தக் காத்திருப்பை நீக்கிவிடும்படி ஸ்விட்சிலேயே அமைக்கலாம்.

அடுத்தது கோப்பு வாங்கும் படி. இதற்கான டி.எஃப்.டி.பி. என்னும் முறை 1981-இல் வெளியானது. கோப்பை 512 பைட் துண்டுகளாக நறுக்கி, 1, 2, 3 என எண்ணிட்டு அனுப்புவார்கள். ஒரு துண்டு வந்து சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே அடுத்தது போகும். துண்டு எண்ணுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே மிகப் பெரிய எண் 65,535. இதை 512-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 3,35,53,920 பைட். அதாவது சுமார் 32 மெகாபைட்டுக்கு மேல் எண்ணிக்கை தீர்ந்துவிடும்! பின்னாளில் துண்டைப் பெரிதாக்கவும், எண்ணை மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணவும் வழி செய்தார்கள். இரு தரப்பிலும் இந்த வழி ஒத்துப்போகாவிட்டால் பெரிய கோப்பு ஒன்று நடுவழியில் நின்றுபோகும். எப்போதும் ஒரே அளவில் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

இந்த முறையின் தொடக்ககாலப் பிழை ஒன்று சுவையானது. “5-ஆம் துண்டு வந்தது” என்ற பதில் சற்றுத் தாமதமானால், அனுப்புகிறவர் அது தொலைந்ததாக எண்ணி 5-ஐ மறுபடி அனுப்புவார். வாங்குகிறவர் அதற்கும் ஒரு பதில் தருவார். இரண்டு பதில்களுக்கும் தனித்தனியே 6-ஆம் துண்டு போகும். பிறகு 7-ம் இரண்டு, 8-ம் இரண்டு என்று கோப்பு முடியும் வரை இரட்டையாகவே ஓடும். மந்திரம் அரைகுறையாகக் கற்ற சீடன், தண்ணீர் சுமக்கும் துடைப்பத்தை நிறுத்தத் தெரியாமல் கோடரியால் பிளக்க, அது இரண்டு துடைப்பங்களாகித் தண்ணீர் சுமந்த ஐரோப்பியக் கதை ஒன்று உண்டு. அதை நினைத்து இதற்கு ‘மந்திரவாதியின் சீடன்’ நோய் என்று பெயரிட்டார்கள். ஒரே பதில் இரண்டாம் முறை வந்தால் அதற்காக எதையும் அனுப்பாதே என்ற விதியை 1989-இல் சேர்த்ததும் நோய் தீர்ந்தது.

சரி, சிறு கோப்பு வந்து ஓடத் தொடங்கிவிட்டது. இனி பெரிய இமேஜ் வர வேண்டும். அது 20 கிகாபைட் என்று கொள்வோம். சர்வரின் கேபிள் வினாடிக்கு ஒரு கிகாபிட், அதாவது 125 மெகாபைட், கடத்தும். ஒரு கணிப்பொறிக்கு 160 வினாடி. இருபதுக்கும் தனித்தனியே அனுப்பினால் 3,200 வினாடி, ஏறக்குறைய 53 நிமிடம். ஆனால் கார்த்திகை தீபத்தை நினைத்துப் பாருங்கள். மலை உச்சியில் ஏற்றுவது ஒரே தீபம்; ஊரைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காண்கிறார்கள். ‘மல்ட்டிகாஸ்ட்’ என்ற முறையில் சர்வரும் இமேஜை ஒரே ஒரு முறை அனுப்ப, இருபதும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். மொத்தமும் 160 வினாடி! இது ஏட்டுக் கணக்கு. டிஸ்க்கில் எழுதும் வேகத்தைப் பொறுத்துக் கூடும்.

தீபம் யாருக்காகவும் காத்திராது. சர்வரோ காத்திருக்கும். ஒரு கணிப்பொறி மெதுவாக வாங்கினால், அதற்காக மற்றப் பத்தொன்பதும் மெதுவாகத்தான் வாங்க வேண்டும். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே மேசைக்காலில் நசுங்கி, மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் கேபிள் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்கிறது. விளக்கும் எரிகிறது, யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூடம் முழுவதற்கும் 160 வினாடி வேலை 1,600 வினாடியாகிவிடும். என் கருத்தில், இந்தத் துறையில் மிகவும் ஏமாற்றுவது இப்படிப் பாதி உயிரோடு இருக்கும் கேபிள்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரதி என்றால் அச்சு அசல் பிரதி. கணிப்பொறியின் பெயர், உள் அடையாள எண் முதலியவையும் அப்படியே வந்துவிடும். தேர்வுக் கூடத்தில் இருபது பேருக்கும் ஒரே பதிவெண் கொடுத்தால் என்ன ஆகும்? ஆகவே இமேஜ் எடுக்கும் முன் இந்த அடையாளங்களை அழித்து, ஒவ்வொன்றும் முதலில் எழும்போது தனக்கெனப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

இந்தக் கருவி எவ்வளவு வல்லமையுடையது என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், டிஸ்க்கை அழித்து விண்டோஸ் 7-ஐ நிறுவும் கட்டளை ஒன்று தவறுதலாக எல்லா விண்டோஸ் கணிப்பொறிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணிப்பொறிகள், மடிக்கணினிகள், ஏன், சர்வர்களும் கூட அந்தப் பட்டியலில் இருந்தன. விஷயம் தெரிந்து, கட்டளை அனுப்பிய சர்வரை நிறுத்தப் போனார்கள். அதற்குள் அந்த சர்வரும் தன் கட்டளைக்குத் தானே கீழ்ப்படிந்து தன்னை அழித்துக்கொண்டிருந்தது!

ஆகவே நம் ரமணாசிரமம் பகுதிப் பள்ளி ஆசிரியர், ஞாயிறு மாலை இருபதாவது கணிப்பொறியும் எழுந்த பிறகு, ஒவ்வொன்றிலும் ‘முதலில் ஹார்ட் டிஸ்க், பிறகுதான் நெட்வொர்க்’ என்று வரிசையை மாற்றி வைப்பார். சர்வரில் இருக்கும் கட்டளையையும் நிறுத்திவிட்டுத்தான் கூடத்தைப் பூட்டுவார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை தேர்வுக்கு வந்த மாணவி பொத்தானை அழுத்தியதும், பெட்டி மறுபடியும் “நான் யார்?” என்று கூவத் தொடங்கும்.