மருந்தும் மயக்கும்

நோயுற்றவன் மருத்துவனிடம் உடலை மட்டும் ஒப்புவிப்பதில்லை. தன் நம்பிக்கையையும் உடன் ஒப்புவிக்கின்றான். அந்நம்பிக்கை மருந்தாவதும் உண்டு, விலங்காவதும் உண்டு. அவுஸ்திரேலிய நாவலாசிரியை லியான் மொரியாட்டி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நைன் பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்னும் நாவல் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகின்றது. 'முற்றும் அறிமுகமற்ற ஒன்பதின்மர்' எனப் பெயரைத் தமிழாக்கலாம். 2021இல் நிக்கோல் கிட்மன் நடிக்கத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பழைய மாணவர் ஒருவர் தந்த நூலை, மர்மக் கதைதானே என்ற ஏளனத்தோடு கையிலெடுத்தேன். முடித்தபின் அவ்வேளனத்துக்காக நாணினேன்.

ஊர்ப்புறத்து ஆரோக்கிய நிலையமொன்றுக்குப் பத்து நாட் சிகிச்சை நாடி ஒன்பதுபேர் வருகின்றனர். நிலையத்தின் தலைவி மாஷா, ருஷ்யாவிலே பிறந்தவள். பெருவணிக நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவள். ஒருகால் இதயம் நின்று மீண்டவள். சாவின் வாயிலிலிருந்து திரும்பிய தனக்குப் பிறரை மாற்றியமைக்கும் உரிமையும் உண்டென்பது அவள் துணிபு. அன்று அவளைக் காக்க வந்த அம்புலன்ஸ் ஊழியன் யாவோ, இன்று அவளுடைய சீடன்!

வந்தோரின் கைத்தொலைபேசிகள் வாங்கப்படுகின்றன. பேச்சு விலக்கப்படுகின்றது, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்குதலும் ஆகாது. நாடோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பழபானம். அதில், அவர்கள் அறியாமலே, மாயத்தோற்றங்களை விளைக்கும் மருந்து கலக்கப்படுகின்றது. ஈற்றில் அவர்கள் அறையொன்றில் அடைபடுகின்றனர்.

ஆசிரியையின் திறன் இங்கேதான் விளங்குகின்றது. முதல் நாளிலேயே கதவைப் பூட்டினால் யாரும் எதிர்ப்பர். ஆனால் மௌனம் நன்று, அளவான உணவு நன்று, தொலைபேசியைத் துறத்தலும் நன்று. இம்மூன்றுக்கும் இசைந்தவன் நான்காவதை மறுக்க நாணுகின்றான். தானே மேற்கொள்ளும் மௌனம் நோன்பு. பிறர் விதிக்கும் மௌனமோ, ஐயுற்ற இருவர் தம்முட் கலந்து பேசாவண்ணம் இட்ட வேலி.

ஒன்பதின்மருள் நெப்போலியன் என்பவர் என்னைப்போல் ஓர் ஆசிரியர். தற்கொலையால் மகனை இழந்தவர். அவர் மனைவி ஹெதர், மகனின் ஆஸ்துமா மருந்தின் பக்கவிளைவுகளை முன்னரே கவனியாது விட்டேனே என்ற குற்றவுணர்வை யாரிடமும் கூறாது சுமப்பவள். எங்களுக்கு மருந்தூட்டினாயா என்று மாஷாவை நேர்நின்று வினவுபவளும் அவளே. ஒருமுறை கேளாது விட்டவள், இம்முறை கேட்கின்றாள். நூல் முழுவதிலும் என் நெஞ்சைத் தொட்ட இடம் இது.

எனினும் நாவல் ஒரு சங்கடத்தை எம்முன் வைக்கின்றது. விருந்தினர் சிலர் மெய்யாகவே நலம் பெறுகின்றனர். ஹெதரின் குடும்பமும் மறைத்தவற்றைப் பேசி ஆறுதலடைகின்றது. அங்ஙனமாயின் மாஷா செய்தது சரியா?

இவ்வினாவுக்கு விடை தேடுகையில் ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். இருபத்தைந்தாண்டுகளுக்கு முன், இலக்கண வகுப்பில், "ஏன் ஐயா?" என்று ஓயாது கேட்பவன். 'உன் நன்மைக்கே' என்று கூறி ஒருநாள் அவனை வாங்கின்மேல் நிறுத்தினேன். அதன்பின் அவன் எதையும் கேட்கவில்லை. பரீட்சையில் நல்ல புள்ளிகளும் பெற்றான். யான் அதனை என் வெற்றியாகவே கணக்கிட்டிருந்தேன்.

நலம் விளைந்தமை, கேளாது ஊட்டியதற்கு நியாயமாகாது. மாஷாவை வெறுத்தபடியே நூலை மூடலாம் என எண்ணியிருந்தேன். அது இயலவில்லை. மறுநாள் வகுப்பில், "ஏன் என்று கேட்பவர் யாரேனும் உளரோ?" என வினவினேன். நெடுநேரம் ஒரு கையும் உயரவில்லை.