நரியின் வயிற்றுக்குள் யார்?

குழந்தைகள் பிரிவில் உணவு வேளையின்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: “சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுருவாரு.” காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தை வாயைத் திறந்துவிடும், ஆனால் அச்சத்தினால் திறக்கும். தாயின் கவலையை நாங்கள் அறிவோம். எனினும், உணவையும் மருத்துவரையும் கண்டு ஒருசேர அஞ்சும் குழந்தை, அடுத்த வேளை இன்னும் உறுதியாக வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே, அச்சுறுத்தலுக்கு மாற்றாக ஒரு படப் புத்தகத்தைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம்.

சென்னையைச் சேர்ந்த தாரா புக்ஸ் பதிப்பகம் 2013-இல் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘காபிள் யூ அப்!’. ‘உன்னை விழுங்கிவிடுவேன்’ என்பது பொருள். கதையை எழுத்தில் தந்தவர் கீதா உல்ஃப். படங்களை விரலாலேயே தீட்டியவர் சுனிதா. ராஜஸ்தானின் மீணா சமூகத்தைச் சேர்ந்தவர். அச்சமூகப் பெண்கள் சுண்ணாம்புக் கரைசலில் துணியை நனைத்து, விரல் வழியே பிழிந்து, வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரையும் கலை ‘மாண்டணா’ எனப்படும். நம் வாசல் கோலத்திற்கு அது தூரத்து உறவு எனலாம்.

தந்திரக்கார நரி ஒன்று, எதிர்ப்பட்ட விலங்குகளை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. மாண்டணா மரபில் சினையுற்ற விலங்கை வரையும்போது, வயிற்றினுள் இருக்கும் குட்டியையும் சேர்த்தே காட்டுவது வழக்கம். சுனிதா அம்முறையைக் குறும்பாக மாற்றினார்: விழுங்கப்பட்டவை அனைத்தும் நரியின் வயிற்றுக்குள்ளே தெரிகின்றன. பக்கம் புரளப் புரள வயிறு பெருக்கிறது. “உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?” என்று எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு, உண்பது ஒரு விளையாட்டாகத் தோன்றுகிறது.

இதில் மருத்துவப் பொருளும் உண்டு. படப் புத்தகத்தில் முன்பே பார்த்துப் பழகிய காய்கறியைச் சுவைத்துப் பார்க்கக் குழந்தைகள் கூடுதல் விருப்பம் காட்டுவதை இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கண்ணுக்குப் பழகியது நாவுக்கும் எளிதாகிறது. புதிய உணவைக் குழந்தை ஏற்கப் பத்து முறைகூட வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், வற்புறுத்தல் கூடாது. அழும் குழந்தையின் வாயில் உணவைத் திணித்தால் அது மூச்சுக்குழாயில் சென்றுவிடும் ஆபத்தும் உண்டு.

இதற்கு விலையுயர்ந்த நூல் தேவையில்லை. ஒரு தாளில் பெரிய வயிறுள்ள நரியை வரையுங்கள். குழந்தை ஒவ்வொரு வாய் உண்டதும், அந்த உணவை நரியின் வயிற்றுக்குள் அதுவே வரையட்டும்: ஓர் இட்லி, ஒரு வாழைப்பழத் துண்டு, நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திராட்சையை முழுதாகத் தராதீர்கள். விதை நீக்கி, நீளவாக்கில் நறுக்கித் தாருங்கள். சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ள குழந்தையாயின், எந்தப் பழம் எவ்வளவு என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள்.

காய்ச்சலின்போது பசி குறைவது இயல்பே. அந்நாட்களில் கஞ்சி, மோர், தாய்ப்பால் போன்ற நீர்ம உணவே முதன்மை. நோய் தணிந்தபின் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாக உணவு கொடுங்கள். இழந்த எடை அப்போதுதான் மீளும். ஆனால், குழந்தை எதையுமே அருந்த மறுத்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, படம் வரைந்து காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மற்ற நாட்களில், மறுபரிசோதனைக்கு வரும்போது அந்த நரிப் படத்தையும் எடுத்து வாருங்கள். குழந்தை என்ன உண்டது என்பதை அதன் வாயாலேயே நாங்கள் கேட்டறிவோம்.