பால்மரத்தின் காட்டுச் சொந்தம்

பேராக் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் தரும் பால்மரத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் முதல் கன்றுகள் ஊன்றப்பட்ட மரம் அது. மங்கில் சொட்டும் பாலும், வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலும், உச்சி வெயிலில் படாரென்று வெடிக்கும் ரப்பர் காயும் அவர்கள் நினைவில் இருக்கும். அந்த மரத்துக்கு மலைக்காட்டில் ஒரு சொந்தம் உண்டு: ரஃப்ளேசியா.

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங். அங்கிருந்து மலையடிவாரம் நோக்கி உள்ளே போனால் உலு கெரோ என்ற செமாய் பூர்வகுடிக் கிராமம் வரும். அதைச் சுற்றிய காட்டில் ரஃப்ளேசியா கான்ட்லேயி பூக்கிறது. இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. நம் பிரண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கொடிக்குள் மெல்லிய இழைகளாகப் பரவி, அதன் சத்தை உறிஞ்சியே வாழ்கிறது. ஒருநாள் கொடியின் பட்டையைப் பிளந்துகொண்டு சிறு புடைப்பு ஒன்று வெளியே வரும். மாதக்கணக்கில் பருத்து, முட்டைக்கோஸ் போல் திரண்டு, பிறகு விரியும். அரை மீட்டர் அகலம் வரை செந்நிற இதழ்கள், அவற்றின்மேல் வெளிறிய தடிப்புகள், அழுகிய இறைச்சியின் வாடை. ஒரு வாரத்துக்குள் கறுத்துக் குழைந்துவிடும்.

இலையே இல்லாத செடியை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? தாவரவியலாளர்கள் வெகுகாலம் திணறினார்கள். 2007இல் ஆய்வாளர் சார்லஸ் டேவிஸின் குழு மரபணுக்களை ஒப்பிட்டு விடை சொன்னது: ஆமணக்கு, மரவள்ளி, பால்மரம் எல்லாம் அடங்கிய வம்சத்தின் கிளைதான் இது. மிளகளவு பூக்கும் முன்னோரிடமிருந்து இவ்வளவு பெரிய பூ வந்திருக்கிறது! இன்னொரு வியப்பும் உண்டு. இதே கான்ட்லேயி இனத்தை ஆராய்ந்தபோது, அது செயல்படுத்தும் மரபணுக்களில் பல டஜன் அந்தக் கொடியிடமிருந்து வந்தவை என்று 2012இல் தெரியவந்தது. உணவோடு மரபணுவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பூவுக்கு ஆபத்து மொட்டிலேயே தொடங்குகிறது. பிரசவித்த பெண்ணின் உடல் தேற என்று மொட்டைப் பறித்து மருந்துக்கு விற்கும் வழக்கம் இருந்தது. உலு கெரோவிலும் பறித்தார்கள். ராஜா புரூக் பட்டாம்பூச்சிகளையும் சேகரிப்பாளர்களுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். வறுமையில் அது வருமானம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பறிப்பதால் வரும் கேட்டைக் கணக்கிட்டால்தான் விபரீதம் புரியும். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், மகரந்தம் சுமக்கும் ஈ பறந்து போகும் தூரத்துக்குள் விரிந்தால்தான் விதை பிடிக்கும். மொட்டுகளில் பல தாமாகவே அழுகிவிடும். மிச்சமிருப்பதில் ஒன்றைப் பறித்தாலும் ஒரு ஜோடி கைநழுவிப் போகலாம்.

மலேசிய இயற்கைக் கழகம் இங்கே எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. காட்டைத் தெரிந்த அந்தக் கிராமத்தவர்களையே இயற்கை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. எந்தச் சரிவில் அந்தக் கொடி ஓடுகிறது, எந்த ஊற்றின் ஓரத்தில் ஆண் பட்டாம்பூச்சிகள் உப்புச்சத்து உறிஞ்சக் கூடும் என்பது அவர்களுக்கு முன்பே அத்துப்படி. ஈயின் வேலையும் ஆண்பூ பெண்பூ விவரமும்தான் பயிற்சியில் கூடச் சேர்ந்தவை. பறித்து விற்றால் ஒருமுறைதான் காசு. விரியவிட்டால் பார்க்க வருகிறவர்கள் வழிகாட்டிக்குக் கட்டணம் தருகிறார்கள்.

தோட்டங்களில் வாழ்ந்த நம் மூத்தவர்களிடமும் இப்படிப்பட்ட கூர்மை உண்டு. பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் கத்தி பட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும். அதைத் தொடாமல் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் சீவியவர்கள் அவர்கள். தோட்டத்தை ஒட்டிய காட்டின் பறவை, பாம்பு, மூலிகை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அவர்கள் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த அறிவைக் கேட்டு எழுதி வைக்க அதிகம் பேர் உட்காரவில்லை. ஈப்போவின் அடுக்குமாடிகளில் அவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இயற்கை பற்றி ஒரு மாலை வகுப்புப் போட்டால், பாதிப் பாடத்தை அவர்களே நடத்துவார்கள்.

உலு கெரோவுக்குப் போகிறவர்கள் முதலில் வழிகாட்டியிடம் பூ விரிந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டில் அவர் காட்டும் தடத்தை விட்டு விலகாதீர்கள். காலடியில் காய்ந்ததுபோல் கிடக்கும் கொடியிலும் மொட்டு இருக்கலாம்.