எண்ணா, எழுத்துச் சரமா?

தொலைபேசி எண்ணை எண்ணாகக் கொள்வதா, எழுத்துச் சரமாகக் கொள்வதா? பைத்தன் கணினிமொழியைப் பயிலத் தொடங்குவோர் முதலில் தெளியவேண்டியது இதுவே. சார்பொன்றுக்கு அதனை முழுவெண்ணாக மாற்றி அளித்தால், முன்னுள்ள பூச்சியம் மறைந்துவிடும். மேற்கோட்குறிக்குள் சரமாக அளித்தாலோ, ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தில் நிற்கும்.

அச்சரத்தின் அமைப்பை ஆராய உதவுவது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’. அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீவன் கிளேனி 1956ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் வேரூன்றியது அது. “முதலிற் பூச்சியம், பின்னர் 9 இலக்கங்கள்” என்பதை அது சில குறிகளால் உரைக்கும்.

ஆயினும் ‘சேர்ச்’ என்னும் சார்பு, அவ்வமைப்பு எங்கேனும் காணப்பட்டாற் போதுமெனக் கொள்ளும். பூச்சியத்தில் தொடங்கும் 15 இலக்கங்களையும் ஏற்றுவிடும். ‘ஃபுல்மாட்ச்’ சரம் முழுவதும் பொருந்தினால் மட்டுமே ஏற்கும். மிகையாக அழுத்தப்பட்ட ஓர் இலக்கத்தால் நோயாளியொருவருக்குரிய செய்தி சேராமற்போகும் இடரை, பதிவு செய்யும் வேளையிலேயே தடுப்பது அதுவே.