வாவிக் காற்றில் ஒரு லைக்கா

உப்பும் ஈரமும் கலந்த, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கமராவை எப்படிக் காப்பது? எந்த மாற்றத்துக்குக் காசு செலவழிக்கலாம்?

குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறி மண்டூருக்கு வருகிறவர், கழுத்தில் தொங்கும் கமராவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தண்ணீருக்குள் விழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆனால் இந்தக் கரையில் கமராக்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது வீட்டு அலுமாரிக்குள்தான். பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு சேரும் வாவி இது. காற்றில் உப்பு இருக்கும். மாரி தொடங்கிவிட்டால் மடித்து வைத்த உடுப்பிலேயே பூஞ்சணம் பூக்கும்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு லைக்கா எம்9 பெரிய பாடம். 2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8 என்று தொடங்கிய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வரிசையில், பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்கே உணரி வைத்த முதல் கமரா 2009இல் வந்த எம்9. சில ஆண்டுகளில் அதன் படங்களில் வளையம் சூழ்ந்த புள்ளிகள் தெரியத் தொடங்கின. உணரிக்கு மேலிருந்த மெல்லிய கண்ணாடி ஈரத்தால் அரிக்கப்பட்டிருந்தது. 2014இல் நிறுவனம் குறையை ஏற்று, சில ஆண்டுகள் இலவசமாகவே உணரிகளை மாற்றிக் கொடுத்தது. பிறகு வேறு கண்ணாடி பொருத்திய உணரியும் வந்தது. ஆகவே பழைய எம்9 வாங்குபவர்கள் துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கி, வெளிச்சமான வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.

பெட்டி முதலில், தோலுறை பிறகு

வில்லைக்குள் படியும் பூஞ்சணம், தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளரும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது. இதற்கு இருட்டும் ஈரமும் அசைவில்லாத காற்றும் போதும். அழகான தோலுறை இந்த மூன்றையும் கொடுக்கும். தோல் தானும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வெளியே போகும்போது போடலாம், உள்ளே வைத்துப் பூட்டக்கூடாது.

மின்சார உலர்பெட்டி வாங்க முடியாதவருக்கு, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போதும். மின்வெட்டிலும் அது வேலை செய்யும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். பாதையில் திவலை தெறித்திருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்து, காயவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். ஏசி வானில் வந்து இறங்கினால் கமரா பையிலேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும். உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும்.

வில்லை வழியே பார்க்காத கமரா

ரேஞ்ச்ஃபைண்டரில் கண் பார்ப்பது தனிச் சாளரம் வழியாக. வில்லை மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். படம் மட்டும் கறுப்பாக வரும். அதனால் பலர் மூடியை வீட்டில் வைத்துவிட்டு, பில்டரும் உலோக ஹூட்டும் போட்டுக்கொள்கிறார்கள். உப்புத் திவலைக்குப் பில்டர் நல்லது. மண்டூர் முருகன் கோயில் திருவிழா இரவில், வரிசை விளக்குகளை எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் நிழலுரு இரட்டையாக விழும்.

குவியத்தைக் காட்டுவது, வில்லை தள்ளும் ஒரு சிறு உருளை. பலமான இடி ஒன்று போதும், அளவு பிசகிவிடும். வில்லையை முடிவிலிக்குத் திருப்பி நிலாவைப் பாருங்கள். சாளரத்தில் தெரியும் இரண்டு நிலா உருவங்களும் ஒன்றாகப் பொருந்தாவிட்டால் திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டும்.

எதை மாற்றலாம்?

வெள்ளி மினுங்கும் லைக்காவைக் கறுப்பு நாடாவால் மூடிக்கொண்டு தெருவில் நடந்தார் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன். மனிதர்களின் கவனத்தைக் கமரா இழுக்கக்கூடாது என்பதே அவர் தேவை. நல்ல மாற்றங்கள் எல்லாம் இப்படித் தேவையிலிருந்து வந்தவை. எம்8 அகச்சிவப்புக் கதிரையும் வாங்கிக்கொண்டதால் கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாக விழுந்தது. அதைத் தடுக்கும் பில்டரை அகலக் கோண வில்லையில் போட்டால் மூலைகள் பச்சைநீலமாயின. எந்த வில்லை என்று தெரிந்தால் கமராவே அதைத் திருத்திவிடும். அதற்கான ஆறு புள்ளிக் குறியீடு இல்லாத பழைய வில்லைகளில் பலர் மார்க்கர் பேனாவால் தாங்களே புள்ளி வைத்தார்கள். கண்ணாடி போடுகிறவருக்குப் பார்வைத்துளையில் திருகும் திருத்த வில்லை, வியர்த்த கைக்குப் பெருவிரல் பிடி ஆகியவையும் இதே வகை.

வண்ணத் தோலும் மினுங்கும் பொத்தானும் அவரவர் ஆசை. படுவான்கரையில் கமரா வைத்திருப்பவர் முதலில் வாங்கவேண்டியது காற்றுப் புகாத அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. அதைவிடச் செலவில்லாத காப்பு, கமராவைக் கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.