பலகை சொல்லும் சேதி
சீவுளி மெஷினின் கோளாறுகளும் பரிகாரங்களும்



மரவேலையைப் பிழைப்பாகக் கொண்ட வீடுகள் நம்மிடையே பல உண்டு. வீட்டோடு ஒட்டிய ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு வாள் மெஷின், ஒரு சிறிய சீவுளி மெஷின். கணவரோ மகனோ வேலை செய்வார். ஆனால் ஓடர் எழுதுவதும், முற்பணத்தை எண்ணி வைப்பதும், "நீங்கள் தந்த மேசையின் நடுப்பலகை விட்டுப் போச்சு" என்று வருபவருக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கணவர் கடல் கடந்து உழைக்கப் போயிருந்தால் மெஷினின் பொறுப்பும் அவள் தலையில்தான். ஆகவே இந்த மெஷினைப் பற்றி நாம் அறிந்திருப்பது வீண் போகாது.

தச்சுத் தொழில் இழிவான தொழிலல்ல. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மதீனாப் பள்ளியில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்காக மரத்தாலான மிம்பர் செய்யப்பட்ட வரலாற்றை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். அந்த மிம்பர் ஒரு பெண்மணியின் ஏற்பாட்டில், தச்சுவேலை தெரிந்த அவருடைய பணியாளின் கையால் உருவானது. தானே உளி பிடிக்காவிட்டாலும், வேலையைச் செய்வித்து ஒப்படைத்தவர் ஒரு பெண் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மெஷின் செய்வது என்ன?

மரக்காலையிலிருந்து வரும் பலகை நேராக இருப்பதில்லை. வளைந்தும் முறுகியும் இருக்கும். இரண்டு பலகைகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டுமானால் ஓரங்கள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்த வேண்டும். அந்த ஓரத்தைச் சீவி நேராக்குவதே இந்த மெஷினின் வேலை.

மேசை மேல் வைத்துப் பாவிக்கும் இந்தச் சிறிய மெஷினில் கவனிக்க வேண்டியவை நான்கு. பலகையை வைத்துத் தள்ளத் தொடங்கும் முன்தட்டு. சீவிய பலகை போய் இருக்கும் பின்தட்டு. இரண்டுக்கும் நடுவே கத்திகளோடு சுழலும் உருளை. பலகையைச் சாய்த்துப் பிடிக்கும் பக்கத் தகடு. முன்தட்டு சற்றுத் தாழ்ந்திருக்கும். எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு மரம் சீவப்படும். பின்தட்டோ, கத்தி சுழலும்போது அதன் நுனி எட்டும் உச்சிக்குச் சரிமட்டமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "மெஷின் பழுது" என்று ஒதுக்கிவைக்கப்படும் மெஷின்கள் பலவற்றில் பழுது ஒன்றும் இருப்பதில்லை. கத்திக்கும் பின்தட்டுக்கும் இடையே மட்டம் தவறியிருக்கும், அவ்வளவுதான். மெஷினையோ மரத்தையோ வேலை செய்பவரையோ குறை சொல்லுமுன் சீவிய பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கே பிழை என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

முதலில் ஒரு கட்டாய விதி

கத்திப் பக்கம் கை போவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கழற்றிய பிளக் உங்கள் கண்ணில் படும்படி மெஷினின் மேலேயே கிடக்கட்டும்.

பலகையின் கடைசியில் பள்ளம் விழுகிறதா?

பலகை முழுவதும் ஒழுங்காகச் சீவப்பட்டு, கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் ஆழமாக வெட்டியிருந்தால் பின்தட்டு கத்தியை விடத் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். முன்தட்டின் பிடிப்பு நீங்கியதும் பலகையின் வால் சரிந்து கத்தி மேல் விழுகிறது.

பலகை பாதியில் முட்டி நிற்கிறதா?

பின்தட்டு கத்தியை விட உயர்ந்திருக்கிறது. கொஞ்சம் உயர்ந்திருந்தால் பலகை முட்டாமல் ஏறிக்கொள்ளும். ஆனால் போகப் போகச் சீவல் மெலிந்து ஓரம் சரிவாகும்.

இந்த இரண்டு குறைக்கும் சோதனை ஒன்றே. பிளக்கைக் கழற்றுங்கள். நேரான ஒரு மரச் சட்டத்தைப் பின்தட்டின் மேல் வைத்து, அதன் முனை கத்திக்கு மேலாக நீட்டி நிற்கும்படி பிடியுங்கள். உருளையைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். கத்தியின் கூரில் விரல் படக் கூடாது. கத்தி சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போனால் மட்டம் சரி. ஒரு நூல், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தூரத்துக்கு மேல் சட்டத்தை இழுத்துச் சென்றால் கத்தி உயர்ந்துவிட்டது. தொடவே இல்லையென்றால் கத்தி தாழ்ந்துவிட்டது. ஒவ்வொரு கத்தியையும் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு இடங்களில் பாருங்கள்.

சிறிய மெஷின்கள் பலவற்றில் பின்தட்டு அசையாது. கத்தியைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் அதை அனுபவமுள்ள ஒரு பாஸிடம் கொடுங்கள். ஏனெனில் சரியாக இறுக்கப்படாத கத்தி, மெஷின் ஓடும்போது தெறித்துப் பறக்கும். அவர் பூட்டித் தந்த பிறகு அதே மரச் சட்டத்தால் நீங்களே ஒருமுறை சோதியுங்கள். கரண்ட் கொடுக்குமுன் உருளையைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டு பலகைக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா?

சீவிய இரு பலகைகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி ஜன்னல் பக்கம் பிடியுங்கள். இரு முனையும் பொருந்தி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஓரம் குழிந்திருக்கிறது. நடு பொருந்தி, மேல் பலகை ஊஞ்சல் போல ஆடினால் ஓரம் புடைத்திருக்கிறது.

கத்தி மட்டம் சரியாக இருந்தும் இப்படி வந்தால் இரண்டு தட்டுகளும் ஒரே நேரில் இல்லை. முன்தட்டைப் பின்தட்டின் மட்டத்துக்கு உயர்த்தி, நீண்ட இரும்பு அடிமட்டம் ஒன்றை இரண்டின் மேலும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். தட்டுகளின் வெளி முனைகள் தாழ்ந்திருந்தால் பலகை குழியும், உயர்ந்திருந்தால் புடைக்கும். தட்டைத் தாங்கும் ஆணிகள் தளர்ந்திருக்கலாம். தட்டுக்கு அடியில் மரத்தூள் இறுகியிருக்கலாம். முதலில் தூளைத் துடைத்து, ஆணிகளை இறுக்கி, மறுபடி பாருங்கள். மெஷினை விட நீளமான பலகைக்கு இரு பக்கமும் தாங்கு இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒட்டிய மேசை வளைந்து நிற்கிறதா?

இது பக்கத் தகட்டின் குறை. மூலைமட்டத்தைப் பின்தட்டில் வைத்துத் தகட்டோடு சேர்த்துப் பாருங்கள். 90 பாகைக்கு அரைப் பாகை குறைந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ஓரங்கள் சேர்வதால் அந்தப் பிழை ஒரு பாகையாகிறது. 5 பலகையில் 4 மூட்டு. மேசையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே 4 பாகை சாய்வு!

இதற்குப் பழைய கைமருந்து ஒன்றுண்டு. ஒட்டப் போகும் இரண்டு பலகைகளில் ஒன்றின் மேல்முகம் தகட்டைப் பார்க்கும்படியும், மற்றதன் மேல்முகம் வெளியே பார்க்கும்படியும் சீவுங்கள். சிறு சாய்வு இருந்தாலும் ஒன்றின் பிழையை மற்றது அழித்துவிடும்.

மரம் பிய்கிறதா? அலை விழுகிறதா? கோடு விழுகிறதா?

சிம்பு சிம்பாகப் பிய்ந்து வந்தால், மரத்தின் நாருக்கு எதிராகச் சீவுகிறீர்கள். பூனையின் முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் ரோமம் எழும்புவதைப் போன்றது இது. பலகையை முனை மாற்றித் தள்ளுங்கள். முன்தட்டை உயர்த்தி ஒருமுறைக்கு அரை மில்லிமீற்றர் மட்டும் சீவுங்கள். பலாவிலும் மஹோகனியிலும் நார் அங்குமிங்கும் திரும்பும், அவசரப்பட்டால் பிய்யும்.

குறுக்கே சிற்றலை போலத் தெரிந்தால் பலகையை வேகமாகத் தள்ளுகிறீர்கள், அல்லது ஒரு கத்தி மட்டும் உயர்ந்து நின்று வேலை முழுவதையும் செய்கிறது. நீளவாக்கில் மெல்லிய வரம்பு எழும்பினால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது. பழைய மரத்திலிருந்த ஆணியே பெரும்பாலும் காரணம். கத்திகளில் ஒன்றை மட்டும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டினால் வரம்பு மறையும். கத்தி தீட்டும் வரை வேலை ஓடும்.

மோட்டார் திணறுகிறதா?

மழுங்கிய கத்தி, ஒரே தடவையில் அதிக ஆழம், தூள் போகும் வாய் அடைபட்டது, தளர்ந்த பெல்ட் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். அடைப்பை எடுக்கக் குச்சியோ பழைய பிரஷோ பாவியுங்கள், விரல் வேண்டாம். நீண்ட மெல்லிய வயரில் கரண்ட் எடுத்தாலும் மோட்டாருக்கு வலு வராமல் சூடேறும். சத்தமாகச் சுழலும் பிரஷ் மோட்டாராக இருந்து, தீப்பொறி அதிகமாகப் பறந்தால் கார்பன் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றுவது சிறு செலவுதான்.

வெளிநாட்டிலிருந்து மெஷின் கொண்டு வருவோர் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் மெஷினை நேரே நம் பிளக்கில் செருகினால் மோட்டார் கருகிவிடும். சவூதியில் 60 ஹேர்ட்ஸ். அங்கே பாவித்த, பிரஷ் இல்லாத மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும். மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டை வாங்குமுன் வாசியுங்கள். பிளக் பொருந்தவில்லை என்று எர்த் வயரை வெட்டிவிடும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

தட்டில் பிசின் ஒட்டிப் பலகை வழுக்காவிட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து நன்கு உலரவிடுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பிறகு மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கத்திக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில நாளில் பலகை வளைந்தால் மரம் உலரவில்லை. ஈர மரத்தை எந்த மெஷினும் நேராக வைத்திருக்க முடியாது.

விரல்கள் பத்திரம்

இந்த மெஷினில் நடக்கும் விபத்துக்குப் பரிகாரம் இல்லை. வெட்டுப்பட்ட விரல் நுனியைச் சீவல் குவியலில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே:

கத்தியை மூடும் காப்பைக் கழற்றி எறியாதீர்கள். கத்திக்கு நேர் மேலே கை போகக் கூடாது; பலகையைத் தள்ளுகட்டையால் அழுத்தித் தள்ளுங்கள். 12 அங்குலத்துக்குக் குறைந்த துண்டை இதில் சீவ வேண்டாம். நீளமாகச் சீவிவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கையுறை பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். கத்தி கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சால்வையின் தொங்கலும் அகன்ற கையும் அவ்வாறே. ஹிஜாபை உள்ளே சொருகி, கையைப் பொருத்தமாக மடித்துக் கட்டி, வளையலைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். பர்தாவும் பேணப்படும், உயிரும் பேணப்படும்.

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. முகக்கவசம் அணியுங்கள். கொட்டிலைக் கூட்டுமுன் நீர் தெளியுங்கள். தொட்டிலை அங்கே கொண்டு வராதீர்கள். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொட்டிலுக்குப் பூட்டு அவசியம்.

புட்டி வேண்டாம்

கடைசியாக ஒன்று. மூட்டில் இடைவெளி விழுந்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசிவிடுவது இலகு. அன்று பளபளக்கும்; ஒரு வெயிலும் ஒரு மழையும் கண்டதும் வாய் பிளக்கும். சந்தையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நம் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். ஈரத் தானியத்தை மறைப்பதும் பிளந்த மூட்டை மறைப்பதும் ஒன்றல்லவா?

கொட்டிலிலிருந்து ஒரு மேசையோ தொட்டிலோ ரைஹாலோ வெளியே போகுமுன், வார்னிஷ் பூசுமுன், மூட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி தெரிந்தால், "இதை இன்னொரு தடவை சீவுவோம்" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு இருக்கட்டும். அரைமணி நேர வேலையும் ஒரு பிடி சீவலும்தான் நட்டம். வாடிக்கையாளர் கொடுக்கும் காசு ஹலாலாகக் கைக்கு வரும்.

உழைப்பிலும் உணவிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக! உழைக்கும் கரங்களை ஆபத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.